புதைக்கப்படும் தாலந்துகள்

எசமானர் தந்த தாலந்தை மண்ணில் புதைத்து வைத்த ஊழியனின் உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். அவன் அதைப் புதைத்ததற்குக் காரணம் அச்சம். இன்றும் அச்சத்தினால் தம் திறமையைப் புதைத்து வைப்போர் நம்மிடையே உண்டு. புதியதொரு கருவியைச் செய்துவிட்டு, "வெளியே காட்டினால் பணக்காரர் பறித்துக்கொள்வாரே" என்று அஞ்சும் ஏழைகளே அவர்கள்.

நமது திருத்தணிக்கு அருகே பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறியோசை கேட்கிறோம். அத்தகைய நெசவாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர்தான் இன்றைய தெலங்கானாவிலுள்ள ஆலேர் ஊரைச் சேர்ந்த சிந்தகிந்தி மல்லேசம். போச்சம்பள்ளிச் சேலைக்கு நூல் சுற்ற, அவருடைய தாய் லட்சுமி ஆயிரக்கணக்கான முறை கையை வீச வேண்டியிருந்தது. தாயின் தோள்வலியைக் கண்டு பொறுக்காத மகன், ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவராயினும், பல ஆண்டுகள் முயன்று 1999 இல் அவ்வேலைக்கு ஓர் இயந்திரம் செய்து, தாயின் பெயரையே அதற்குச் சூட்டினார். 2017 இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

இயந்திரம் செய்யத் தெரிந்தவருக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதத் தெரியுமா? 1970 ஆம் ஆண்டுச் சட்டப்படி, காப்புரிமை 20 ஆண்டுகள் செல்லும். தனிமனிதர் இணையவழி விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய்தான். ஆனால் "இதுவே என் கண்டுபிடிப்பு" என்று வரையறுத்து எழுதும் பகுதியே விண்ணப்பத்தின் உயிர். குறுக்கி எழுதினால் பிறர் சிறிது மாற்றி நகல் செய்வர்; அளவுக்கு மீறி விரித்து எழுதினால் அலுவலகம் மறுத்துவிடும். அதை எழுதித் தரும் வல்லுநரின் ஊதியமோ கட்டணத்தைவிடப் பன்மடங்கு!

இக்குறையைப் போக்க நம் நாட்டில் 2000 இல் நேஷனல் இன்னொவேஷன் ஃபவுண்டேஷன் தோன்றியது. எளிய மக்களின் கண்டுபிடிப்புகளுக்கு அது காப்புரிமை விண்ணப்பம் செய்து தருகிறது. அமெரிக்காவில் 2011 இல் மின்னசோட்டா மாநிலத்தில் வழக்கறிஞர்கள் ஊதியமின்றி இப்பணியைத் தொடங்கினர். நம் ஊர்களிலும் இத்தொண்டு பெருக வேண்டும்.

"நல்ல கண்டுபிடிப்பை உரிமை என்று ஏன் பூட்டி வைக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். கோவை அருணாசலம் முருகானந்தம் மலிவு விலையில் சானிட்டரி நாப்கின் செய்யும் இயந்திரத்தைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். அதைப் பெரிய கம்பெனிகளுக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்கு வழங்கினார். தம்முடையது என்று உறுதியானதால் அல்லவோ, யாருக்குக் கொடுப்பது என்பதை அவரே தீர்மானிக்க முடிந்தது?

மாணவியராகிய நாமும் விழிப்பாயிருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே பலரறியக் காட்டிய பொருள், "புதியது" என்னும் தகுதியை இழக்கக்கூடும். ஆகவே வழக்கறிஞர்களாகவும் பொறியாளர்களாகவும் உள்ள பெற்றோரை அன்புடன் வேண்டுகிறோம்: அறிவியல் கண்காட்சிக்கு முன் ஒரு நாளேனும் பள்ளிக்கு வந்து எங்களுக்கும், ஊரிலுள்ள நெசவாளர், மெக்கானிக் முதலியோருக்கும் வழிகாட்டுங்கள்.

அறிவியலிலோ பொறியியலிலோ பட்டம் பெற்று, அதற்குரிய தேர்விலும் வென்றால் நாமே காப்புரிமை முகவராகலாம். அன்று நம் கல்வி பிறருடைய அச்சத்தைப் போக்கட்டும். புதைந்த தாலந்துகள் வெளிவரட்டும்!