வானத்துப் பெயர்களும் கடலின் பெயர்களும்

மடு வீதியிலுள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் இரவில் பாய்போட்டுக் கிடந்தால், விமான விளக்குகள் ஒரே தடத்தில் போவதைப் பார்க்கலாம். "வானத்துலயும் ரோட்டுப் போட்டிருக்கா?" என்று தம்பி கேட்டான். போட்டிருக்கிறார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

கொழும்பிலிருந்து ஜித்தாவுக்குப் புறப்படும் விமானி ஜித்தாவைக் குறிவைத்து நேரே ஓட்டுவதில்லை. இடையிலே பல புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கடக்கிறார். முன்பு அவை தரையிலிருந்த வானொலி நிலையங்கள். இன்று பெரும்பாலானவை அகலக்கோடும் நெடுங்கோடும் சந்திக்கும் வெறும் இடங்கள்; கீழே அலை மட்டுமே இருக்கும். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆங்கில எழுத்தில், எந்நாட்டவர் வாயிலும் நுழையும்படி ஒரு பெயர் உண்டு. புள்ளியைக் கடக்கையில் நேரத்தையும் மிஞ்சிய எரிபொருளையும் திட்டத்தோடு ஒப்பிடுவார்கள். ராடார் எட்டாத சமுத்திரத்தில், எதை எப்போது கடந்தோம், அடுத்ததை எப்போது அடைவோம் என்று அறிவிப்பார்கள். 2014 மார்ச் 8இல் 239 பேருடன் காணாமற்போன மலேசிய விமானம், இகாரி என்ற புள்ளியைத் தாண்டிய சற்று நேரத்தில்தான் கட்டுப்பாட்டாளரின் திரையிலிருந்து மறைந்தது. தேடுதலும் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கியது.

கணினிக்கு எண் போதும். பெயர் தேவைப்பட்டது மனிதருக்கு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள. அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்தார் தங்கள் ஊர்ச் சுட்ட இறைச்சியை நினைத்து ஸ்மோக், ஸ்பைசி, ரிப்ஸ் என்றெல்லாம் வைத்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தாலும் எனக்குப் பொறாமைதான்.

ஏனென்றால் எங்கள் மூத்தாப்பாவிடமும் இப்படிப் புள்ளிகள் இருந்தன. கரையில் தெரியும் மினராவையும் ஒரு தனிப்பனையையும் ஒரே நேரில் பிடித்து, வேறு இரண்டு அடையாளங்களால் அந்தக் கோட்டை வெட்டி, வலைபோடும் இடத்தைக் கண்டுகொள்வார். ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து கற்பிட்டிக்குச் சென்ற வள்ளங்களில் ஒன்றில் எங்கள் குடும்பம் இருந்தது. மினரா மறைந்த பிறகு தனக்குத் தெரிந்த கடல் முடிந்துபோயிற்று என்று மூத்தாப்பா சொல்வார். புத்தளத்தில் வளர்ந்த வாப்பாவுக்கு அந்தப் பெயர்களில் ஒன்றுகூடத் தெரியாது.

முத்துப்பார்களின் பெயர்கள் மட்டும் தப்பின. பெரியபார், கரைத்தீவுப்பார் எல்லாம் 1903 முதல் 1906 வரை வெளிவந்த ஹெர்ட்மனின் அறிக்கையில் ஏறிவிட்டன. முத்து அரசாங்கத்துக்கு வருமானம் தந்தது. கட்டாப் பாரையும் நண்டும் அகப்படும் இடத்தை யார் எழுதுவார்?

ஜீபிஎஸ் இருக்கிறதே, பழைய பெயர் எதற்கு என்று கேட்கலாம். அதே ஜீபிஎஸ் இருக்கும்போதுதான் விமானிகள் பெயரைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். திரும்பிவந்த குடும்பங்களிலுள்ள முதியவர்களிடம் இந்தப் பெயர்களைக் கேட்டு, வள்ளத்தில் போய் அகலக்கோடு நெடுங்கோட்டோடு பதிவதை நம் கல்லூரியின் புவியியல், தமிழ் மாணவிகள் சேர்ந்து செய்யவேண்டும். ஆண்பிள்ளைகளின் வேலை என்பவர்களுக்கு என் பதில்: இதுவரை அவர்களும் செய்யவில்லை.

மூத்தாப்பாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. போன வெள்ளிக்கிழமை கொப்பியோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினொரு பெயர் சொன்னார். அவற்றில் இரண்டின் அடையாளம் அவருக்கு ஞாபகம் வரவில்லை.