குட்டிம்மா, வாசல் லைட்டப் போடு



சென்ற மாதம் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் உறவினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்திருந்தது. உள்ளேயிருந்து ஆயா, "குட்டிம்மா, வாசல் லைட்டப் போடு" என்றார். வீட்டில் அந்தப் பெயரில் பெண் குழந்தை யாரும் இல்லை. நாலைந்து நொடியில் விளக்கு எரிந்தது.

குட்டிம்மா குடியிருப்பது டிவி அலமாரிக்குக் கீழே, கீல் உடைந்த பழைய லேப்டாப் ஒன்றில். பாலிடெக்னிக் படிக்கும் பேரன் அமைத்தது. என்னை நம்பவைக்க அவன் இன்டர்நெட் மோடத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, குட்டிம்மாவிடம் ஃபேனைப் போடச் சொன்னான். ஃபேன் சுற்றியது.

ஒயரைப் பிடுங்கிய அந்தக் கணத்தைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வந்தேன். கடையில் வாங்கும் பேசும் பெட்டிகள் பெரும்பாலும் நம் குரலை எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பித்தான் பொருள் புரிந்துகொள்கின்றன. அமெரிக்காவில் அமேசானின் சில எக்கோ கருவிகளில், குரலை வெளியே அனுப்பாமல் கருவிக்குள்ளேயே கையாளும் வசதி இருந்தது. 2025 மார்ச் 28 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். நம் வீடுகளில் என்னவெல்லாம் பேசுகிறோம்! நகை எங்கே அடகில் இருக்கிறது, பெண் பார்க்க யார் வந்தார்கள், யாருக்கு என்ன வியாதி. இதெல்லாம் வாசற்படி தாண்டக் கூடாது என்று நினைப்பது பழமைவாதம் அல்ல.

பேரன் பயன்படுத்தியது ஹோம் அசிஸ்டன்ட். பாலஸ் ஷௌட்சன் 2013-இல் தொடங்கிய திறமூல மென்பொருள், இலவசம். பேச்சை எழுத்தாக்குவது 2022-இல் வெளியான விஸ்பர். இரண்டுமே வீட்டுக்குள்ளேயே ஓடும்.

மறுநாள் காலை உத்திரமேரூர் கல்வெட்டுகளைப் பார்க்கப் போனேன். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டியவை; ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஓலைச்சீட்டு எடுத்து ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகள். அது பிராமணர்களின் சபை, ஊரில் எல்லோருக்கும் அதில் இடமில்லை. ஆனாலும் ஒரு விதி முன்னால் நின்றுவிட்டேன்: ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்றவற்றில் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரை ஓலையில் எழுதக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. ஏரிக்கும் தோட்டத்துக்கும் கேட்ட கணக்கை, நம் குரலை வாங்கி வைத்துக்கொள்கிறவர்களிடம் நாம் ஏன் கேட்பதில்லை?

குட்டிம்மாவுக்குக் குறையும் உண்டு. "கழனி மோட்டார நிறுத்து" என்று ஆயா மூன்று முறை சொன்னார். திரையில் மூன்று முறையும் "கணினி மோட்டார்" என்றே விழுந்தது. ஆயா கோபித்துக்கொண்டு தானே எழுந்து போய் ஸ்டார்ட்டரை அமுக்கினார். குற்றம் ஆயாவின் நாக்கில் இல்லை. விஸ்பரின் முதல் பதிப்பு கற்றது 6,80,000 மணி நேரப் பேச்சு. அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளின் பேச்சை அந்தந்த மொழியிலேயே எழுத்தாக்கிய பகுதி எல்லாம் சேர்த்தே 1,17,000 மணி நேரம்தான். கழனி அதன் காதில் எத்தனை தடவை விழுந்திருக்கும்?

சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு தமிழுக்கும் பிற இந்திய மொழிகளுக்கும் பேச்சறியும் மாதிரிகளைச் செய்து எல்லோருக்கும் திறந்து விட்டிருக்கிறது. மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் யாரும் தமிழ் வாக்கியங்களைப் படித்துக் குரல் கொடுக்கலாம். குரல் வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டுக் குரல் கொடுக்கச் சொல்கிறேனே என்று தோன்றும். இது நாமாகத் தெரிந்து கொடுப்பது. கொடுத்தது எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். ஊர் திரும்பிய இரவே நானும் உட்கார்ந்து முப்பது வாக்கியங்கள் படித்தேன்.

பேரன் இப்போது குட்டிம்மாவுக்காகச் சொற்பட்டியல் சேர்க்கிறான். விளக்கை நாங்கள் அணைப்போம், சில ஊர்களில் அமத்துவார்கள், யாழ்ப்பாணத்தில் நூர்ப்பார்கள். உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்? ஊர்ப் பெயரோடு ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். வருவதையெல்லாம் அவனிடம் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்