அழித்த கடிதம் எங்கே போகிறது?



மதுரை நகரிலும் மேலூர், திருமங்கலம் வட்டாரங்களிலும் பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் இல்லங்கள் பல. முன்னர் அவர்களுடைய கடிதங்களை ட்ரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். இன்றோ வேலை ஒப்பந்தம், விசா, விமானச் சீட்டு யாவும் மின்னஞ்சலிலேயே வந்து சேர்கின்றன. வேண்டாத காகிதத்தைக் கிழித்து அடுப்பில் இட்டால் அதன் கதை முடிந்தது. மின்னஞ்சலில் அழிக்கப்படுவது அவ்விதம் மறைந்து போவதில்லை.

ஜிமெயிலில் நீங்கள் நீக்கும் கடிதம் முதலில் 'ட்ராஷ்' அல்லது 'பின்' என்னும் குப்பைக்கூடைக்குச் செல்கிறது. அங்கே 30 நாள் கிடக்கும். பிறகு தானாகவே அழிந்துவிடும். அதுவரை 15 ஜிபி இலவச இடத்திலும் அதற்குப் பங்குண்டு. மேலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவரின் ஒப்பந்தக் கடிதத்தை, கைப்பேசியில் இடம் போதவில்லையென்று அவருடைய தங்கை நீக்கிவிட்டார். 27ஆம் நாள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். கூடையில் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்! இன்னும் நான்கு நாள் கழிந்திருந்தால் அந்த நிறுவனத்தாரிடம் மீண்டும் கெஞ்ச வேண்டியிருந்திருக்கும்.

கணினியில் தண்டர்பேர்டு போன்ற செயலியில் அஞ்சல் பார்ப்போர் இன்னும் கருத்தாக இருத்தல் வேண்டும். அதன் கணக்கு அமைப்பில், 'சர்வர் செட்டிங்ஸ்' பகுதியில், நீக்கும் கடிதத்தை என்ன செய்வது என்று மூன்று வழிகள் கேட்கப்படும்: குறித்த ஓர் உறைக்கு மாற்றுவது, நீக்கியதாக அடையாளம் மட்டும் இடுவது, உடனே ஒழித்துவிடுவது. மூன்றாவதைத் தொடாதீர்கள். முதலாவதைத் தேர்ந்து, ஜிமெயிலின் சொந்தக் கூடையையே காட்டுங்கள். வேறோர் உறையைக் காட்டினால் கடிதம் அங்கே குவிந்துகொண்டே இருக்கும். 30 நாள் கணக்கு அதற்குப் பொருந்தாது. மேலும் ஐமேப் முறையில் இணைத்திருந்தால், கணினியில் நீக்கியது கைப்பேசியிலும் நீங்கிவிடும். இரண்டும் தனித்தனிப் பெட்டி என்று எண்ணுவோரே மிகுதி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மருத்துவ அறிக்கை, சம்பள விவரம், கணவன் மனைவியின் அந்தரங்கம் ஆகியவற்றை அழித்துவிட்டோம் என்று நிம்மதியாயிருப்போம். வீட்டார் அனைவரும் புழங்கும் கைப்பேசியில் கூடையைத் திறக்கும் எவரும் அவற்றைப் படிக்கலாம். பிறர் கடிதத்தை அனுமதியின்றிப் பார்ப்பது தகாது என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆயினும் கூடையைத் திறந்து போடுவது நாம்தானே? அத்தகைய கடிதங்களைக் கூடையிலிருந்தும் உடனே நீக்கிவிடுங்கள்.

கொடுக்கல் வாங்கல் கடிதங்களைக் கூடைப்பக்கமே விடாதீர்கள். கடனை எழுதி வைக்கச் சொல்லும் 2:282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். அண்ணன் தம்பிக்குள் பணம் அனுப்பிய கடிதமானாலும் 'கடன்' என்று தனிப்பெயர் சூட்டி ஒதுக்கி, அச்செடுத்த பிரதி ஒன்றைப் பழைய ட்ரங்குப் பெட்டியிலும் வையுங்கள்.