மூன்று வார ஆசிரியர்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சென்ற பருவத் தேர்வு முடிந்த இரவு எங்கள் விடுதியில் ஒரு விவாதம் நடந்தது. வழக்கமாகத் திரைப்படத்தில் தொடங்கி விடுதிச் சாம்பாரில் முடியும் விவாதம், அன்று ஆப்பிரிக்காவுக்கே போய்விட்டது. நண்பன் ஒருவன் கைப்பேசியில் காட்டிய விளம்பரமே காரணம். கிழக்கு ஆப்பிரிக்கப் பள்ளி ஒன்றில் மூன்று வாரம் தங்கி ஆங்கிலம் கற்பிக்கலாமாம். ஆசிரியப் பயிற்சி வேண்டியதில்லை, அனுபவம் வேண்டியதில்லை, அந்நாட்டு மொழியும் தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும். கூடவே ஒரு கட்டணம். என் தந்தையார் இரண்டாண்டு தறி ஓட்டினாலும் சேராத தொகை அது!

"பணம் இருந்தால் போவாயா?" என்று நண்பன் கேட்டான். "போவேன்" என்று உடனே சொல்லிவிட்டேன். பிறகு உறக்கம் வரவில்லை. போய் அந்தக் குழந்தைகளுக்கு நான் என்ன செய்துவிடுவேன்? அந்தக் கேள்விக்கு நான் கண்ட விடையே இக்கட்டுரை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே தேவை இருப்பது உண்மை. தான்சானியாவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எல்லாப் பாடங்களும் சுவாஹிலி மொழியில் நடக்கின்றன. ஆங்கிலம் ஒரு பாடம் மட்டுமே. உயர்நிலைப் பள்ளியில் காலடி வைத்த அன்றே கணக்கும் அறிவியலும் வரலாறும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றன. சுவாஹிலியை எல்லா நிலைகளிலும் பயிற்றுமொழியாக்க 2014-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை வழி திறந்தது. எனினும் உயர்நிலைப் பள்ளிகளில் இன்றும் ஆங்கிலமே ஆட்சி செய்கிறது. ருவாண்டாவின் கதை இன்னும் விந்தையானது. 2008-இல் அந்நாட்டு அரசு பிரெஞ்சு மொழியைக் கைவிட்டு ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது. பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சில் கற்பித்து வந்த ஆசிரியர்கள் ஒரே அறிவிப்பில் மாணவர்களானார்கள்!

இத்தகைய நிலையில் ஆங்கிலம் அறிந்தவர் யார் வந்தாலும் நல்லதுதானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். என் சொந்த அனுபவம்தான் அந்த எண்ணத்தை மாற்றியது.

நான் கிராமத்து அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இங்கே ஆங்கிலவழி வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், "மொமெண்டம்" என்ற சொல் கரும்பலகையில் விழுந்தது. தொடர்ந்து பல சொற்கள் விழுந்தன. நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன், ஒன்றும் விளங்கவில்லை. இயற்பியல் நமக்கு வராது, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பெட்டியைக் கட்டிய நாளும் உண்டு. அப்போது பேராசிரியர் ஒருவர் பாடத்தின் நடுவே, "பயப்படாதீர்கள், நீங்கள் படித்த உந்தம்தான் இது" என்றார். ஒரே சொல்! கதவு திறந்துவிட்டது. நான் அறியாதது இயற்பியலை அன்று, அதன் புதுப் பெயரைத்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்தக் கதவைத் திறந்தவர் ஆங்கிலம் மட்டும் அறிந்தவராயிருந்தால் அவரால் திறந்திருக்க முடியுமா? "ஹீட்" என்ற சொல்லைக் கண்டு விழிக்கும் தான்சானியச் சிறுமிக்கு, "அது உன் ஜோட்டோதான், அம்மா" என்று சொல்லத் தெரிந்தவரே வேண்டும். பாலம் என்றால் இரு கரைகளையும் தொட வேண்டும். அங்கே இரு கரைகளையும் தொட்டு நிற்பவர் உள்ளூர் ஆசிரியரே. மூன்று வாரத்தில் விருந்தாளி குழந்தைகளின் பெயர்களைக் கற்பதற்குள் விமானம் ஏறும் நாள் வந்துவிடும். அடுத்த மாதம் வேறொரு விருந்தாளி. மறுபடியும் அதே முதல் பாடம்! நம் ஊர்ப் பள்ளிக்கு இப்படி மாதம் ஒருவர் வந்து போவதை நம் பெற்றோர் ஏற்பார்களா?

இந்தப் பாடத்தை வரலாறு முன்பே கற்பித்திருக்கிறது. விடுதலை வாசலில் நின்ற கிழக்கு ஆப்பிரிக்காவில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பெரும் பஞ்சம். 1961-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரி வாயிலாக ஒரு திட்டம் தொடங்கியது. அதில் வந்தவர்களுக்குக் கற்பிக்கும் பயிற்சி தரப்பட்டது. அவர்கள் பணிக்காலமும் ஆண்டுக்கணக்கில் அமைந்தது. சில ஆண்டுகளிலேயே அத்திட்டத்தின் வழித்தோன்றல் வேறு பாதையில் நடந்தது: பள்ளி மாணவருக்குக் கற்பிப்பவர்களை விட்டு, உள்ளூர் ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சிக் கல்லூரிகளுக்கு விரிவுரையாளர்களை அனுப்பியது. விளக்கை ஏந்தி நிற்பதை விட, விளக்கேற்றக் கற்றுக்கொடுப்பது மேல் அல்லவா?

இன்னொன்றும் உண்டு. மொழி வெறும் பாடமன்று, மானமும் ஆகும். 2025-இல் மறைந்த கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, தம் இளமைப் பள்ளியை 1986-இல் வெளிவந்த நூலில் நினைவுகூர்ந்திருக்கிறார். தாய்மொழியான கிக்கூயூவில் பேசிப் பிடிபட்ட பிள்ளைகளுக்கு அடி கிடைத்தது. முட்டாள் என்று எழுதிய தகடு கழுத்தில் தொங்கியது. அந்த மண்ணுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் செல்பவர் இதை அறிந்து செல்ல வேண்டும். ஆங்கிலத்தை வெறுக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. பள்ளி ஆசிரியராக இருந்து தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவரான ஜூலியஸ் நைரேரே, ஷேக்ஸ்பியரின் "ஜூலியஸ் சீசர்" நாடகத்தைச் சுவாஹிலியில் பெயர்த்தவர். ஆங்கிலத்தைக் கற்றார், கற்றதைத் தம் மக்கள் மொழிக்குக் கொண்டுவந்தார். கற்பது என்றால் அதுவன்றோ!

"ஒன்றுமே இல்லாததற்கு மூன்று வாரமாவது மேலில்லையா?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். வெளிநாட்டவரோடு பேசிப் பழகினால் குழந்தைகளின் கூச்சம் தெளியும் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அதற்கு அவர் ஆசிரியரின் நாற்காலியில் அமர வேண்டியதில்லை. அருகில் ஒரு துணையாக அமரலாம். அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதி அந்த ஊர் ஆசிரியரின் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தால், விருந்தாளி திரும்பிய பின்னும் பாடம் நடக்கும்.

நானும் ஒருநாள் போவேன். பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் முடித்து, சுவாஹிலி பேசக் கற்று, ஓராண்டாவது தங்கும் துணிவு வந்த பிறகு போவேன். அதுவரை எனக்கு வேறு வேலை இருக்கிறது. வரும் ஆண்டில் தமிழ்வழியில் படித்துவிட்டு என் துறைக்கு வரும் தம்பி தங்கையர், முதல் வாரத்திலேயே பெட்டியைக் கட்டக்கூடும். அவர்கள் அருகில் அமர்ந்து "உந்தம்தான் இது" என்று சொல்ல விமானச் சீட்டு வேண்டியதில்லை. மாணவ நண்பர்களே, மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க நீங்களும் வருவீர்களா?