மெஷினின் தவணையும் குழந்தையின் தலையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். கடைசி வருடம். "உனக்கு எதற்கப்பா ஸ்கேன் ஆராய்ச்சி, போய் பேலன்ஸ் ஷீட்டைப் பார்" என்று சிலர் சொல்வீர்கள். பேலன்ஸ் ஷீட் பார்க்கத் தெரிந்ததால்தான் இந்தப் பதிவு.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் முதலில் கம்பெனிகள் வந்தன. பின்னாலேயே குடும்பங்கள் வந்தன. அதற்கும் பின்னால் ஸ்கேன் சென்டர் போர்டுகள் வந்தன. இங்கே குடியிருப்பவர்களில் நிறையப் பேர் வெளியூர்க்காரர்கள். அப்பாவுக்கு நைட் ஷிப்ட், வீட்டில் பெரியவர்கள் கிடையாது. குழந்தை கட்டிலிலிருந்து விழுந்தால் "பயப்படாதே, கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று சொல்ல ஒரு பாட்டி இல்லை. அந்தப் பயத்துக்கு எழுதித் தரப்படும் மருந்துதான் "எதுக்கும் ஒரு சிடி எடுத்துடுங்க".

எங்கள் தெருவில் நான்கு வயதுப் பையன் ஒருவன் கட்டிலிலிருந்து விழுந்தான். அழுதான், பிறகு பிஸ்கட் தின்றான், ஓடினான். கூட்டிப்போன இடத்தில் அவனைத் தொட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை, சீட்டு மட்டும் வந்தது. சிடி நார்மல். "நல்லவேளை" என்றார்கள். நான் கேட்பது, எடுத்ததற்குக் காரணம் என்ன?

இது வெறும் சந்தேகம் இல்லை, இதற்குக் கணக்கு இருக்கிறது. தலையில் அடிபட்ட 42,412 குழந்தைகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2009ல் லான்செட் இதழில் ஒரு விதிமுறை வெளியிட்டார்கள். பெக்கார்ன் விதி என்பார்கள். அந்தக் குழந்தைகளில் சுமார் 35 சதவீதம் பேருக்கு சிடி எடுத்திருந்தார்கள். ஆபத்தான மூளைக் காயம் இருந்ததோ 0.9 சதவீதம் பேருக்கு. இரண்டு வயது தாண்டிய குழந்தை தெளிவாக இருக்கிறது, மயங்கவில்லை, வாந்தி இல்லை, கடும் தலைவலி இல்லை, மண்டை ஓட்டின் அடிப்பகுதி உடைந்த அறிகுறி இல்லை, விழுந்ததும் பெரிய உயரத்திலிருந்து இல்லை என்றால், ஆபத்துக்கான வாய்ப்பு 0.05 சதவீதத்துக்கும் கீழே. அந்தக் குழந்தைக்குத் தேவை சில மணி நேரக் கவனிப்புதான், சிடி இல்லை.

"எடுத்தால் என்ன நஷ்டம்?" என்பீர்கள். சிடி என்பது எக்ஸ்ரே கதிர். பிரிட்டனில் 1985 முதல் 2002 வரை சிறுவயதில் சிடி எடுத்த 1,78,000 பேருக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2012ல் முடிவு வெளியிட்டார்கள். பத்து வயதுக்குக் கீழே தலைக்கு எடுக்கும் ஒவ்வொரு 10,000 சிடிக்கும், அடுத்த பத்து வருடத்தில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றுநோய், ஒரு மூளைக் கட்டி. சின்ன எண்தான். தேவையான ஸ்கேன் என்றால் யோசிக்காமல் எடுக்க வேண்டும். தேவையில்லாத ஸ்கேனுக்கு அந்தச் சின்ன எண்ணைக்கூட ஏன் குழந்தை சுமக்க வேண்டும்? பெரியவர்களுக்கு வைத்த அளவிலேயே குழந்தைக்கும் எடுத்தால் கதிர் இன்னும் கூடும். குழந்தைக்கு ஏற்றபடி அளவைக் குறையுங்கள் என்று 2008லிருந்தே 'இமேஜ் ஜென்ட்லி' என்று உலக அளவில் இயக்கம் நடக்கிறது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். சிடி மெஷின் என்பது நிலையான செலவு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வங்கித் தவணை, வாடகை, பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் கட்டியாக வேண்டும். கூடுதலாக ஒரு ஸ்கேன் எடுக்க ஆகும் செலவு சொற்பம். அப்படியென்றால் லாபம் எங்கே? எண்ணிக்கையில். இன்னொரு பக்கம், ஒரு குழந்தையை ஆறு மணி நேரம் உட்கார வைத்துக் கவனித்தால் பில்லில் எழுத வரியே இல்லை. பில் போட முடியாத வைத்தியம் தானாகவே காணாமல் போகும். இதற்குக் கெட்ட டாக்டர் தேவையில்லை, கெட்ட கணக்கு போதும்.

ஒரு வேடிக்கை. மனிதத் தலையை சிடி முதன்முதலில் படம் எடுத்தது 1971 அக்டோபரில், லண்டனில். உருவாக்கியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட், 1979ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் இ.எம்.ஐ. பீட்டில்ஸ் இசைத்தட்டு போட்ட அதே கம்பெனி! அன்று இ.எம்.ஐ. ஸ்கேனை உண்டாக்கியது. இன்று இ.எம்.ஐ. கட்ட ஸ்கேன் எடுக்கிறார்கள்.

இதில் இன்னொரு அநியாயம், நிஜமாகவே படம் தேவைப்படும் குழந்தைக்குச் சரியான படம் கிடைப்பதில்லை. கைக்குழந்தையின் உச்சிக்குழி மூடும்வரை அதன் வழியாக அல்ட்ராசவுண்டிலேயே மூளையைப் பார்க்கலாம். கதிர் கிடையாது. பிறந்த குழந்தையின் இடுப்புக்கு மேலே முதுகில் முடிக்கற்றையோ கட்டியோ இருந்தால், முதல் சில மாதங்களில் எலும்பு கெட்டிப்படுவதற்குள் தண்டுவடத்தையும் அதே அல்ட்ராசவுண்டில் பார்த்துவிடலாம். மெஷின் ஊரெங்கும் இருக்கிறது, குழந்தைக்குப் பார்க்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும். தலையில் நீர் கோர்த்து ட்யூப் வைத்த குழந்தைக்குத் திரும்பத் திரும்ப ஸ்கேன் வேண்டியிருக்கும். அவர்களுக்குச் சில நிமிடங்களில் முடியும் எம்.ஆர்.ஐ. முறை உண்டு, மயக்க மருந்துகூட வேண்டாம். முழு எம்.ஆர்.ஐ. என்றால் சின்னக் குழந்தை அரைமணி நேரம் அசையாமல் படுக்காது. மயக்க மருந்து டாக்டர் வேண்டும். அதெல்லாம் செலவு. அதனால் "சென்னைக்குப் போங்க".

மத்திய அரசு 2021ல் மருத்துவக் கருவிப் பூங்காவுக்காகத் தேர்ந்தெடுத்த நான்கு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நம் பூங்காவுக்கான இடம் ஒரகடம், 350 ஏக்கர். சந்தோஷம்தான். ஆனால் பக்கத்துத் தெருக் குழந்தைக்கு எந்தக் கருவி தேவை, எது தேவையில்லை என்று சொல்ல ஆளில்லாவிட்டால் அந்தப் பூங்காவால் அவனுக்கு என்ன பிரயோஜனம்?

என் கோரிக்கைகள் மூன்றே மூன்று:

1. அரசு மருத்துவமனைகளில் அடிபட்ட குழந்தைகளுக்குக் கவனிப்புப் படுக்கைகள். காப்பீட்டில் அந்தக் கவனிப்புக்கும் பணம்.

2. குழந்தைக்கு எடுத்த ஒவ்வொரு சிடி ரிப்போர்ட்டிலும் கதிர் அளவு. மெஷின் திரையிலேயே அந்த எண் வருகிறது, அச்சடிக்க என்ன கஷ்டம்?

3. ஸ்கேனுக்கு அனுப்புகிறவருக்குக் கமிஷன் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் நெறிமுறையே சொல்கிறது. அதை அமல்படுத்துங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. குழந்தை மயங்கினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ என் பதிவைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், ஓடுங்கள். டாக்டர் சிடி என்றால் எடுங்கள். மற்ற நேரத்தில் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், எடுக்காமல் சில மணி நேரம் இங்கேயே வைத்துப் பார்க்கலாமா?" நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், அது தவணையின் கோபம்.