வறுமையா, வறுமையெனும் எண்ணமா?

வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற ஊத்துக்குளியினின்று திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலகங்களுக்குச் சென்று உழைப்போர் பலர். அவர்தம் இளைஞருட் சிலரோ சிங்கப்பூர்க்கும் வளைகுடா நாடுகட்கும் போகக் கனவு காண்கின்றனர். அதே திருப்பூரைத்தான் பீகாரினின்றும் ஒடிசாவினின்றும் வந்தோர் வாழ்வளிக்கும் ஊரென நம்பித் தையற்பொறிமுன் அமர்ந்துள்ளனர்! ஒருவர்க்கு அடைக்கலமான ஊர் மற்றவர்க்கு வறுநிலமாய்த் தோன்றுவது எங்ஙனம்?

முழுப்பட்டினி கிடப்பவன் கடல்கடத்தல் அரிது. முகவர்க்குக் கொட்டப் பணம் அவனுக்கு ஏது? அயல்நாட்டுப் பணத்தால் அண்டைவீட்டார் எழுப்பிய மாடியைத் தன் ஓட்டுக்கூரையோடு ஒப்பிட்டுக் குமைபவனே கடன்பட்டேனும் புறப்படுகின்றான். அயல்நாடுகளில் வாழும் தமிழ்நாட்டார் ஏறத்தாழ 22 நூறாயிரவர் என 2015-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு மதிப்பிட்டது.

இவர்களைப் பேராவற்காரர் எனப் பழித்தல் எளிது. 2011-இல் வழக்குமன்றத் தீர்ப்பால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலைக் கெடுத்தவை மூடப்பட்டது முறையே. ஆயின், கூலியாள் வெறுங்கையனாய் நின்றானே! அவன் அச்சம் வெறும் எண்ணமன்று. நாளை வேலை உண்டென உறுதிகூறாத முதலாளியரும், அதனைக் கேளாத அரசும், ஊர்விட்டுப் போவோனை நோவதற்கு என்ன உரிமை உடையர்?