ஜிம் எதற்கு? பாய் அளவு இடம் போதும்!

பழவேற்காட்டு ஏரிக்கரையில் படகைக் கரையேற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பத்துப் பேர் கை வைப்பார்கள். "ஐலசா" என்று ஒரு குரல். முழு பலத்தையும் கொடுத்து ஒரு தள்ளு. படகு நாலடி நகரும். உடனே நிறுத்தி மூச்சு வாங்குவார்கள். மறுபடி குரல், மறுபடி தள்ளு.

இதைத்தான் இன்றைக்கு செல்போனில் 'எச்.ஐ.ஐ.டி.' என்று பெரிய பெயர் வைத்துக் காட்டுகிறார்கள். கொஞ்ச நேரம் உயிரைக் கொடுத்து உடற்பயிற்சி, கொஞ்ச நேரம் ஓய்வு, மறுபடி பயிற்சி. அவ்வளவுதான் சங்கதி! கருவி வேண்டாம். மாதச் சந்தா வேண்டாம்.

ஜப்பான் நாட்டு இசுமி தபாட்டா இதைச் சோதித்துப் பார்த்து 1996-ல் வெளியிட்டார். 20 விநாடி கடும் பயிற்சி, 10 விநாடி ஓய்வு. இப்படி ஏழெட்டுத் தடவை. மொத்தம் 4 நிமிடம்! வாரம் ஐந்து நாளாக ஆறு வாரம் செய்தவர்களுக்கு மூச்சுத் தெம்பு நன்றாகக் கூடியது. தினம் ஒரு மணி நேரம் நிதானமாகப் பயிற்சி செய்தவர்களுக்குக் கூடியதைவிடக் குறையவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை விளம்பரக்காரர்கள் சொல்வதில்லை. அவர்கள் எல்லாம் இளவட்டங்கள். ஏற்கனவே விளையாட்டில் பழகிய உடம்பு. பயிற்சி நடந்ததும் சைக்கிள் மாதிரியான கருவியில். நாற்பது வயதுக் குமாஸ்தா நாளைக்கே குதித்தால் அதே பலன் வரும் என்பது சுத்தப் பேத்தல்.

"வலை இழுக்கிறவனுக்கு எதுக்குங்க எக்சர்சைஸ்?" என்று குப்பத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் துடுப்பு போட்ட இடத்தில் இப்போது மோட்டார் ஓடுகிறது. முகத்துவாரம் தூர்ந்து, மீன் குறைந்து, பிள்ளைகள் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் பஸ் ஏறுகிறார்கள். மீன் விற்கும் அம்மா கூடைக்கு முன்னால் பொழுதெல்லாம் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023-ல் ஆய்வு வந்தது. குப்பம் மட்டும் தப்புமா?

இன்னொரு பக்கமும் உண்டு. டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2021-ல் ஒரு முடிவு சொன்னார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு மாரடைப்பு குறைவு. வேலையிலேயே உடம்பை முறித்தவர்களுக்கு அதிகம்! மணிக்கணக்கில் ஓய்வில்லாத சுமை ரத்த அழுத்தத்தை ஏற்றியே வைத்திருக்கிறது, அதுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே ஏரித் தண்ணீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணிடம் போய் "இன்னும் நாலு தடவை குதி" என்று சொல்வது பாவம். அவருக்கு வேண்டியது ஓய்வு. இடுப்பையும் முதுகையும் நிமிர்த்தும் பயிற்சி. நல்ல சாப்பாடு.

உட்கார்ந்தே பிழைப்பவர்களுக்குத்தான் இந்த வித்தை. நம் ஊர் பஸ்கியும் தண்டாலும் போதும். முதலில் ஐந்து நிமிடம் கை காலை வீசி உடம்பைச் சூடேற்றணும். பிறகு 20 விநாடி, நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கி வேகமாக நடை. ஒரு நிமிடம் ஓய்வு. ஆரம்பத்தில் நாலு தடவை போதும். பழகப் பழக ஓய்வைக் குறைக்கலாம், பஸ்கியும் சேர்க்கலாம். தண்டால் எடுக்க வராதவர் சுவரில் கை ஊன்றிச் செய்யலாம். வாரம் இரண்டு மூன்று நாள் செய்தால் போதும், மற்ற நாளில் நடந்தால் நல்லது. வெயில் ஏறுவதற்குள் முடிக்கணும். ஏரிக்கரைப் புழுக்கத்தில் மதியம் குதித்தால் மயக்கம்தான் வரும். பி.பி., இருதயக் கோளாறு, சர்க்கரை உள்ளவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. நெஞ்சு அடைத்தால், தலை சுற்றினால் அந்த நிமிடமே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

பெண்களுக்கு இடம்தான் தகராறு. தெருவில் ஓட முடியுமா? பார்க்கிறவன் சிரிப்பான். வீட்டுக்குள் என்றால் ஒரே அறை, அதில் வலையும் பாத்திரமும் போக மிச்சம் ஒரு பாய் விரிக்கும் இடம். அந்த இடம் இதற்குப் போதும் என்பதுதான் இதில் உள்ள பெரிய லாபம்.

ஆனால் நேரில் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டாமா? செல்போனில் குதிப்பவரைப் பார்த்துக் குதித்தால் முட்டி போகும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையானவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் உண்டு. படுக்கையில் விழுவதற்கு முன்னால் உள்ளவர்களுக்கு ஒரு பத்து நிமிடம் ஒதுக்கினால் என்ன? யாருக்கு பி.பி. அதிகம் என்று அந்தக் கருவியே சொல்லிவிடும். நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம், கோட்டைக்குப்பம் என்று ஒவ்வொரு ஊரிலும் பெண்களை மாலையில் ஒரு கூடத்தில் சேர்த்து, நாலு வாரம் சொல்லிக் கொடுத்தால் அப்புறம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், டெண்டர் வேண்டாம். அடுத்த மாதம் மாத்திரை கொடுக்கப் போகும்போதே சுகாதாரத் துறை ஆரம்பிக்கலாம்.